எழுதும் கருவி, வாசிக்கும் மனிதர்



நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் மென்பொருளாளரின் வேலை என்னவாகிறது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். உள்ளே வரும்போதே இறுதியாண்டு மாணவர் ஒருவர் என்னை வாசலில் நிறுத்தி, "சார், எங்களுக்கு வேலை இருக்குமா இருக்காதா, அதை மட்டும் சொல்லிருங்க" என்றார். அவர் குரலில் இருந்தது விளையாட்டு இல்லை. வீட்டில் கல்விக் கடன் இருக்கிறவருடைய கேள்வி அது. அதற்குக் கட்டாயம் வருவேன். அதற்கு முன்னால், இந்த வேலை எதனால் ஆனது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அது தெரிந்தால்தான் அதில் எந்தப் பங்கைக் கருவி எடுத்துக்கொள்கிறது, எது மிஞ்சுகிறது என்று சொல்ல முடியும்.

நான் 1999 தொடக்கத்தில் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எங்கு திரும்பினாலும் ஒய்2கே பேச்சுதான். பழைய கோபால் மொழி நிரல்களில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கியிருந்தார்கள். 2000 பிறந்தால் அது 00 ஆகிவிடும். இயந்திரம் 1900 என்று நினைத்துக்கொள்ளும். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் நிரல்களில் தேதி வரும் இடங்களைத் தேடித் திருத்துவது என் வேலை. முறை எளிமையானது. 50க்குக் கீழே இருந்தால் முன்னால் 20 சேர். 50 அல்லது அதற்கு மேல் என்றால் 19 சேர். நான் மளமளவென்று மாற்றிக்கொண்டே போனேன். நிரல்கள் கம்பைல் ஆயின. டெஸ்ட் எல்லாம் தேறின. என் வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் டீம் லீட் என் திருத்தங்களைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்த 99 என்னப்பா?" "1999 மேடம்." "டேட்டாவுல எத்தனை ரெக்கார்டுல 99 இருக்குன்னு பார்த்தியா?" பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் இருந்தன. அத்தனையும் முடிவுத் தேதியே இல்லாத ஆயுள் பாலிசிகள். எழுபதுகளில் யாரோ ஒருவர், 'இதற்கு முடிவு கிடையாது' என்பதற்கு அடையாளமாக 99 என்று போட்டிருக்கிறார். அவருக்கு அப்போது 1999 வெகுதொலைவில் இருந்தது. என் திருத்தம் அப்படியே போயிருந்தால் அந்த ஆண்டுக் கடைசியில் அத்தனை பாலிசியும் காலாவதியாகியிருக்கும். நிரலில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. எனக்குத்தான் அந்த 99 யார், அங்கே எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் ஒரு வரியும் எழுதவில்லை. அந்த மேடம் என்னை வாசிக்க வைத்தார். முகம் தெரியாத ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதியதை, காகிதத்தில் அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டு வாசித்தேன். என் தலைமுறையில் பலரும் இப்படிப் பிறர் எழுதியதை வாசித்தே இந்தத் தொழிலைக் கற்றோம். இன்று பேசப்போவதன் மையம் இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

இனி கருவிகளுக்கு வருகிறேன். கிட்ஹப் கோபைலட் 2021 ஜூனில் சோதனை வடிவில் வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் எல்லோருக்கும் கிடைத்தது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. முதலில் இவை அடுத்த வரியைத்தான் ஊகித்தன. இப்போது வேலையை வாக்கியமாகச் சொன்னால் கோப்புகளைத் தேடித் திறந்து, மாற்றி, டெஸ்ட் ஓட்டி, தோற்றால் மறுபடி திருத்தி, ரிவ்யூவுக்குத் தயாராகக் கொண்டுவந்து வைக்கின்றன. 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி இதற்கு 'வைப் கோடிங்' என்று ஒரு பெயர் சூட்டினார். கோடு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு, கேட்டு வாங்கி ஓட்டிப் பார்ப்பது. வார இறுதியில் செய்து தூக்கிப்போடும் சின்ன வேலைகளுக்கு இது மோசமில்லை என்றுதான் அவர் சொன்னார். பெயர் உலகமெல்லாம் பரவியது. வார இறுதி வேலைக்கு என்ற பகுதி பரவவில்லை.

நான் இந்தக் கருவிகளை நாள்தோறும் பயன்படுத்துகிறேன். அவற்றால் எனக்குக் கிடைத்த நன்மையை மறைத்துப் பேசினால் அது நேர்மையாகாது. எழுதியவர் வேலையை விட்டுப்போன ஒரு பழைய பெர்ல் நிரலை, எனக்கு மறந்தே போன மொழி அது, பகுதி பகுதியாக விளக்கச் சொல்லிப் பத்து நிமிடத்தில் அதன் எலும்புக்கூட்டைப் பிடித்திருக்கிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த டெஸ்ட்களை எழுத வைத்திருக்கிறேன். ஆங்கிலம் தடுமாறும் கிராமத்துப் பிள்ளை ஒருவர், கம்பைலர் தரும் பிழைச் செய்திக்குத் தமிழில் விளக்கம் கேட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கேட்க ஆளில்லாமல் ஹாஸ்டலில் இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர்களுக்கு இது சாதாரண உதவி இல்லை.

நண்பர்கள் சிலர், இதுவும் கம்பைலர் போன்ற ஒரு படிதான் என்கிறார்கள். கிரேஸ் ஹாப்பர் 1952இல் ஏ-0 என்ற கம்பைலரைச் செய்தார். ஜான் பேக்கஸ் குழுவினரின் ஃபோர்ட்ரான் 1957இல் வந்தது. அந்தக் காலத்தில் இதற்கு 'ஆட்டோமேட்டிக் புரோகிராமிங்' என்றே பெயர். நிரலாளர்கள் குறையவில்லை, பெருகினார்கள். இந்த ஒப்பீட்டில் பாதியை ஏற்கிறேன். மறுபாதியில் எனக்குத் தடை இருக்கிறது. கம்பைலருக்கு ஒரே நிரலைப் பத்து முறை கொடுத்தாலும் ஒரே பொருளைத்தான் தரும். அதனால்தான் அது தரும் இயந்திரக் குறிகளை நாம் யாரும் படிப்பதில்லை, படிக்கத் தேவையில்லை. இன்றைய மொழி மாதிரிகள் அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுகின்றன. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமான நிரல் வரலாம். இரண்டும் பார்க்க அழகாகவே இருக்கும். ஆக, யாராவது ஒருவர் அதைப் படித்தாக வேண்டும். வேலை அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

இதைக் காட்டும் இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட், கிட்ஹப் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டது ஒன்று. 95 நிரலாளர்களை இரு குழுவாகப் பிரித்து, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறிய எச்டிடிபி சர்வர் எழுதச் சொன்னார்கள். கருவி இல்லாதவர்களுக்குச் சராசரியாக 2 மணி 41 நிமிடம் ஆயிற்று. கருவி வைத்திருந்தவர்களுக்கு 1 மணி 11 நிமிடம். பாதிக்கும் குறைவு. இரண்டாவது, 'மீட்டர்' என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்டது. திறமூலத் திட்டங்களில் பல ஆண்டு உழைத்த 16 நிரலாளர்கள், தங்கள் சொந்தத் திட்டங்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். எந்த வேலைக்குக் கருவியைப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். கருவியால் 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்று தொடங்கும்முன் அவர்கள் எதிர்பார்த்தார்கள். முடித்தபின் கேட்டபோது 20 விழுக்காடு மிச்சமாயிற்று என்றார்கள். கடிகாரம் காட்டியது வேறு: கருவி இருந்தபோது 19 விழுக்காடு அதிக நேரம் எடுத்திருந்தது.

இரண்டில் எது உண்மை? இரண்டும்தான். முதல் சோதனையில் எல்லோரும் வெற்றுத் தரையில் புதிதாகக் கட்டினார்கள். அதுபோன்ற சர்வரை ஏற்கெனவே உலகில் ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். கருவி அதையெல்லாம் பார்த்திருக்கிறது. இரண்டாவதில் நிரல் பல ஆண்டுகளாக வளர்ந்தது, லட்சக்கணக்கான வரிகள் கொண்டது. எந்தத் தூணை அசைத்தால் எந்தச் சுவர் விரியும் என்பது அந்த 16 பேர் மனத்தில் இருந்தது. கருவி தந்ததை வாசித்து, சரிபார்த்து, திருத்தி, சில வேளை தூக்கிப்போட்டு மறுபடி கேட்பதில் அவர்கள் நேரம் போயிற்று. அந்தச் சோதனை 2025 தொடக்கத்துக் கருவிகளைக் கொண்டு செய்தது. கருவிகள் அதன்பின் வெகுவாக மேம்பட்டுவிட்டன. எனவே அந்த 19ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னை உறுத்துவது அந்த எண்ணைவிட, நேரம் போனது அவர்களுக்கே தெரியவில்லை என்பது. கை எழுதாதபோது களைப்புத் தெரிவதில்லை. களைப்புத் தெரியாததை வேகம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

2025இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கருத்தெடுப்பில் 84 விழுக்காட்டினர் இக்கருவிகளைப் பயன்படுத்துவதாக அல்லது பயன்படுத்தப்போவதாகச் சொன்னார்கள். அவை தருவது சரியாக இருக்கும் என்று நம்புவோர் 33 விழுக்காடு, நம்பாதோர் 46. பெரிய தொல்லை எது என்ற கேள்விக்கு முதலிடம் பெற்ற விடை, 'கிட்டத்தட்டச் சரி, ஆனால் முழுக்கச் சரியில்லை' என்பது. நிரலாளருக்கு இதைவிடக் கடினமான நிலை கிடையாது. அப்பட்டமான தவறு தானாகவே கத்தும். கிட்டத்தட்டச் சரியானது வாயைத் திறக்காது.

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நௌர் என்ற அறிஞரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். வானியலிலிருந்து கணினிக்கு வந்தவர். அல்கால் 60 மொழியின் அறிக்கையைப் பதிப்பித்தவர். 2005இல் டூரிங் விருது பெற்றவர். 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். நிரலாக்கத்தின் உண்மையான விளைபொருள் எழுதிவைத்த நிரல் இல்லை. எழுதியவர் மனத்தில் உருவாகும் புரிதல்தான் என்பது அவர் வாதம். அதற்கு அவர் சொன்ன ஒரு நிகழ்ச்சி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஒரு குழு ஒரு கம்பைலரை மிக நேர்த்தியாகக் கட்டியது. இன்னொரு குழு அதை வாங்கி விரிவாக்க முனைந்தது. நிரல் முழுவதும் கொடுத்தார்கள், விளக்கக் குறிப்புகள் கொடுத்தார்கள், ஆலோசனையும் சொன்னார்கள். அப்படியும் இரண்டாம் குழு முன்வைத்த மாற்றங்கள் பல, கட்டமைப்பில் ஏற்கெனவே இருந்த வசதிகளைக் காணாமல், மேலே ஒட்டுப்போடுவதாகவே இருந்தன. முதல் குழுவினர் பார்த்த மாத்திரத்தில் அதைக் கண்டுபிடித்து, இருக்கும் அமைப்புக்குள்ளேயே எளிய வழியைக் காட்டினார்கள். பிறகு அவர்கள் விலகிப்போனார்கள். சுமார் பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பழைய அமைப்பு அடியில் இருந்தது. ஆனால் ஒட்டுகளுக்குள் புதைந்து பயனற்றுப்போயிருந்தது. ஆவணம் இருந்தும் புரிதல் கைமாறவில்லை.

இன்றைக்கு நம் எல்லோர் நிலையும் அந்த இரண்டாம் குழுவின் நிலைதான். கருவி எழுதிக் கொடுத்த நிரலுக்கு முதல் குழு என்று ஒன்றே இல்லை. யாருடைய மனத்திலும் அது கட்டப்படவில்லை. முன்பெல்லாம் எழுதும்போதே, தட்டித் தடுமாறி, புரிதல் தானாக வந்து சேர்ந்தது. அதற்கென்று தனியாக யாரும் கூலி கேட்கவில்லை. இப்போது அதைத் தனியாக உட்கார்ந்து ஈட்ட வேண்டியிருக்கிறது. அதற்கான நேரத்தை எந்தத் திட்டக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

நம் மண்ணில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். நான் வாரம் இரண்டு நாள் பாடம் எடுக்கும் கல்லூரியில் மாணவர் குழு ஒன்று நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகப் பட்டியல் ஒன்றைச் செய்தது. கருவியின் உதவியால் ஒரே மாலையில் முடித்துவிட்டார்கள். திரையமைப்பு அருமை, தேடல் ஓடியது, ஆங்கிலத் தலைப்புகளை வைத்து எழுதிய டெஸ்ட் அத்தனையும் தேறின. நூலகர் அம்மா ஒரு நிமிடம் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அகரவரிசை தப்பா இருக்கே" என்றார். 'அகம்' முதலில் வந்து 'அக்கா' பின்னால் வந்திருந்தது. 'மறை' முன்னாலும் 'மலர்' பின்னாலும். 'ஜ'வில் தொடங்கும் தலைப்புகள் 'ச'வுக்கும் 'ஞா'வுக்கும் நடுவே புகுந்திருந்தன.

காரணம், எழுத்துகளுக்குக் கணினி தரும் யூனிகோடு எண்களில் இருக்கிறது. அந்த அட்டவணையில் புள்ளிக்கு எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பிந்திய எண். ற, ல, ள, ழ, வ என்பது எழுத்துகளின் எண் வரிசை. நம் அகராதி வரிசையில் புள்ளி வைத்த மெய் முதலில் வரும். ல, வ, ழ, ள, ற, ன என்று போகும். கருவி எழுதிய ஒற்றை வரி, எண்ணைப் பார்த்து அடுக்கியது. 'தமிழ் அகராதி வரிசைப்படி அடுக்கு' என்று கேட்டிருந்தால் அது அதற்கும் வழி சொல்லியிருக்கும். கேட்க வேண்டும் என்று குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கேள்வி நூலகர் அம்மாவிடம் இருந்தது. முப்பது ஆண்டு அட்டைகளை அடுக்கிய விரல்களில் இருந்தது. பிறகு குழுவில் ஒரு மாணவி மூன்று நாள் யூனிகோடு அட்டவணையோடு உட்கார்ந்து, ஏன் இப்படி ஆயிற்று என்று கண்டுபிடித்தார். அந்த மூன்று நாளில் அவர் கற்றதை அந்த ஒரு மாலை அவருக்குத் தரவில்லை.

ஆபத்துகள் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. இரண்டை மட்டும் தொட்டுச் செல்கிறேன். ஆய்வாளர்கள் சிலர் 16 மொழி மாதிரிகளைக் கொண்டு 5,76,000 நிரல் துண்டுகளை எழுத வைத்து ஆராய்ந்தபோது, அவை பரிந்துரைத்த பேக்கேஜ்களில் ஐந்தில் ஒன்று உலகிலேயே இல்லாதது என்று கண்டார்கள். இல்லாத அந்தப் பெயரில் யாராவது ஒரு கெட்ட நிரலைப் பதிவுசெய்து வைத்துக் காத்திருந்தால் போதும், கருவியை நம்பியவர் அதைத் தாமே இறக்கிக்கொள்வார். அதேபோல, உலகில் கோடிக்கணக்கான கருவிகளுக்குள் இயங்கும் கர்ல் நிரலை 1998 முதல் பராமரித்துவரும் டேனியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் எழுதிய பொய்யான பாதுகாப்புக் குறை அறிக்கைகள் வந்து குவிந்ததால், 2026 ஜனவரியோடு, குறை கண்டு சொல்வோருக்கான பரிசுத் திட்டத்தையே நிறுத்தினார். எழுதுவதற்கு ஒரு நிமிடம். அது பொய் என்று நிறுவுவதற்கு ஒரு தன்னார்வலரின் அரைநாள்.

இப்போது வாசலில் கேட்ட தம்பிக்கு வருகிறேன்.

ஸ்டான்ஃபோர்டில் எரிக் பிரின்யால்ஃப்சனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயதுள்ள மென்பொருளாளர்களின் எண்ணிக்கை, 2022 பிற்பகுதியில் இருந்த உச்சத்திலிருந்து 2025 ஜூலைக்குள் கிட்டத்தட்ட 20 விழுக்காடு குறைந்திருந்தது. மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும் பிறகு கைச்சுருக்கம் வந்ததும் இதில் கலந்திருக்கலாம். எல்லாப் பழியையும் கருவி மேல் போட நான் தயாரில்லை. ஆனால் சரிவு இளையவர்கள் பக்கம் சாய்ந்திருப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. சின்ன பக் திருத்துவது, டெஸ்ட் எழுதுவது, ஒரு திரையில் ஒரு கட்டம் சேர்ப்பது என்று ஃப்ரெஷர்களுக்குக் கொடுத்துவந்த வேலைகள்தான் கருவிக்கு மிக எளிதாக வருகின்றன. நம் ஊர் ஐடி நிறுவனங்கள் கூம்பு வடிவில் கட்டப்பட்டவை: அடியில் ஆயிரக்கணக்கான ஃப்ரெஷர்கள், மேலே சில மூத்தவர்கள், வாடிக்கையாளருக்கு ஆள்கணக்கில் பில். அடித்தட்டின் வேலையைக் கருவி செய்யுமென்றால் கூம்பு மெலியும். தம்பி, முன்புபோல் ஒரு கல்லூரியிலிருந்து பேருந்து பேருந்தாக ஆள் எடுப்பார்கள் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது.

அந்தச் சின்ன வேலைகளை நாங்கள் ஒருபோதும் பெரிதாக மதித்ததில்லை. 'கூலி வேலை' என்றே பேசினோம். இப்போது அவை போகும்போதுதான் தெரிகிறது, ஒரு மூத்தவர் அவற்றின் வழியாகத்தான் உருவானார் என்று. அந்த 99ஐ நான் தவறாகத் தொட்டிராவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஃப்ரெஷரை எடுக்காத நிறுவனம் இந்த ஆண்டுச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கலாம். பத்தாண்டு கழித்துக் கருவி தந்ததைப் படித்து 'இந்த 99 என்ன' என்று கேட்க ஆள் தேடும். நிறுவனங்களை நடத்துகிறவர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் மனமாரக் கேட்கிறேன்: எடுங்கள், எடுத்து உங்கள் மூத்தவர்களின் பக்கத்தில் உட்கார வையுங்கள். கருவி மிச்சப்படுத்திய நேரத்தில் நாளுக்கு ஒரு மணியாவது சேர்ந்து வாசிக்கக் கொடுங்கள். அதையும் வேலையாகக் கணக்கிடுங்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆய்வகத் தேர்வில் முப்பது ஆண்டுகளாக எழுதத்தான் சொல்கிறோம். முன்பின் தெரியாத முந்நூறு வரி நிரலைக் கையில் கொடுத்து, இது என்ன செய்கிறது, எங்கே உடையும், எழுதியவர் எதை மறந்தார் என்று வாய்மொழியாகக் கேட்கும் தேர்வு எத்தனை இடங்களில் இருக்கிறது? அதைக் கொண்டுவர எந்தச் செலவும் இல்லை. ஆசிரியருக்கு உழைப்பு கூடும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

தம்பி, உங்களிடம் கேட்பது இது. கருவியைப் பயன்படுத்துங்கள், ஒளிந்து செய்ய வேண்டாம். அது தந்த ஒவ்வொரு வரியையும், ஏன் அங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்குச் சொல்ல முடிந்தபிறகே உங்கள் பெயரில் சேருங்கள். முதலாண்டில் சிலவற்றைக் கருவியில்லாமலே எழுதுங்கள், நேரமாகட்டும். மருத்துவமனையோ வங்கியோ ரேஷன் கடையோ, எந்தத் துறைக்கு எழுதுகிறீர்களோ அங்கே போய், அந்த நூலகர் அம்மாவைப் போன்ற ஒருவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள். அவரிடம் இருக்கும் கேள்விகள் எந்த மாதிரியிலும் ஏற்றப்படவில்லை.

நான் சொன்ன மாணவி இப்போது நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமை காலைகளில் ஆய்வகத்தில் திறமூல நிரல்களை வாசிக்கிறார். எட்டுப் பேர் வருகிறார்கள். திரையில் ஒரு கோப்பு. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டும். அன்று மட்டும் கருவிகளுக்கு ஓய்வு. இப்போது கையில் இருப்பது கர்ல் நிரலில் தேதிகளைப் பிரித்தறியும் கோப்பு. ஆண்டு இரண்டு இலக்கத்தில் வந்தால் என்ன செய்வது என்று அதில் ஓரிடம் வருகிறது. 70ஐ எல்லையாக வைத்து, அதற்கு மேல் என்றால் 1900, இல்லையென்றால் 2000 சேர்க்கிறார்கள். போன வாரம் அந்த மாணவி அங்கே நிறுத்தி, "ஏன் சார் 70? ஏன் 50 இல்லை? சரியாக 70 என்றே வந்தால் அது எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு அதே வரியிலிருந்து தொடங்குகிறோம். வாசலில் கேட்ட தம்பி விரும்பினால் வரலாம், நாற்காலி இருக்கிறது.